கடிகாரப் பட்டறையும் கம்பளி ஆலையும்: தூண்டில் ரீல் நடந்த வழி

சீன ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஓவியம் ஒன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்கால ஏரி, சிறு படகு, அதில் தனியாக ஒரு மனிதர். அவருடைய தூண்டில் கோலில் ஒரு சின்னச் சக்கரம் தெரிகிறது. ரீல் என்ற பொருளுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. இங்கிலாந்தின் தூண்டில் நூல்களில் இந்தச் சக்கரம் 1650-களில் தலைகாட்டுகிறது. மிச்சத் தூண்டில் நரம்பைச் சுற்றி வைப்பதும், மீன் ஓடினால் விட்டுக்கொடுப்பதும், அது களைத்தால் இழுத்துச் சுற்றுவதும்தான் அன்றைக்கு அதன் வேலை. இரையைத் தொலைவுக்கு எறியும் வேலை பின்னால் வந்தது. அந்த வேலையை அதற்குப் பெரிய அளவில் கொடுத்தது ஓர் அமெரிக்க மீன்.

பாஸ் என்று அங்கே சொல்லும் இந்த நன்னீர் மீனுக்கும் நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாய்க்கும் நெருங்கிய உறவில்லை. இதில் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் இரண்டும் பெயர்பெற்றவை. பெருவாய் பாஸ் பாசிக்குள்ளும் மூழ்கிய மரக்கட்டைகளின் நிழலிலும் பதுங்கி, அருகே வரும் இரைமேல் பாயும். சிறுவாய் பாஸுக்குத் தெளிந்த, குளிர்ந்த நீரும் பாறையும் பிடிக்கும். இரண்டுமே மனிதர் நெருங்கினால் விலகக்கூடியவை. ஆகவே தள்ளி நின்று, குறித்த இடத்தில் இரையை விழவைக்க வேண்டும்.

கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர், 1820-ஐ ஒட்டிய காலத்தில், பாஸ் மீனுக்காக ஒரு ரீல் செய்தார். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால், நரம்பைத் தாங்கும் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும் பற்சக்கர அமைப்பு லண்டன் ரீல்களில் அதற்கு முன்பே உண்டு. கென்டக்கிக்காரர்கள் அதில் சேர்த்தது துல்லியம். கடிகாரச் சக்கரத்தைக் கடைந்த கை, ஸ்பூலின் அச்சையும் அதே நுட்பத்தோடு கடைந்தது. ஸ்பூல் அவ்வளவு லேசாகச் சுழன்றதால், சிறு மீனை இரையாகக் கோத்துக் கோலை வீசியபோது அந்த எடையே நரம்பை இழுத்துக்கொண்டு போனது. பிராங்போர்ட் நகரில் மீக் சகோதரர்களும் பெஞ்சமின் மைலமும் இந்தக் கைத்தொழிலைத் தொடர்ந்தார்கள். கென்டக்கி ரீல் என்ற பெயர் நிலைத்தது. இன்றைய பெய்ட்காஸ்டிங் ரீலின் வம்சம் இங்கே தொடங்குகிறது.

இந்த ரீலின் பலமும் தொல்லையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எறியும்போது ஸ்பூல் சுழன்றாக வேண்டும். இரை காற்றில் வேகம் இழந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியேற வழியில்லாத நரம்பு ரீலுக்குள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். அதைத் தடுக்க, எறிபவர் கட்டைவிரலை ஸ்பூல்மேல் மெல்ல வைத்து, வேகத்தை உணர்ந்து அழுத்த வேண்டும். அந்தக் கட்டைவிரலே இரையை நினைத்த இடத்தில் நிறுத்தவும் செய்கிறது. நரம்பு ஒரே பக்கம் குவியும் தொல்லைக்கு மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூவில் வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர் 1890-களின் பிற்பகுதியில் வழி கண்டார்: நரம்பை இடமும் வலமும் கொண்டுபோய்ச் சீராகப் பரப்பும் வழிகாட்டி. இன்றைய பெய்ட்காஸ்டிங் ரீல்களிலும் அது இருக்கிறது.

ஆனால் ஒரு குறையைக் கடிகாரக் கைவினை முழுதாகத் தீர்க்கவில்லை. இரை மிக லேசானதாக இருந்தால் ஸ்பூலைச் சுழற்றும் பலம் அதற்கு இராது. இந்தக் கணக்குக்கு விடை கிடைத்தது கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் கம்பளி நகரமான பிராட்போர்டில்.

தறியில் ஓடும் நாடாவைப் பார்த்தவர்களுக்கு அந்த விடை உடனே புரியும். நாடாவுக்குள் இருக்கும் தார்க்குச்சி சுழல்வதில்லை. நூல்தான் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு வெளியேறுகிறது. பிராட்போர்டின் கம்பளி ஆலை முதலாளி ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் இதே முறையை ரீலுக்குக் கொண்டுவந்து 1905-இல் காப்புரிமை பெற்றார். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பீட்டர் மல்லக் 1884-இலேயே எறியும்போது ஸ்பூலைப் பக்கவாட்டில் திருப்பி, சுற்றும்போது மறுபடி நேராக்கும் ரீலைச் செய்திருந்தார். இல்லிங்வொர்த்தின் ரீலில் ஸ்பூலைத் திருப்பவே வேண்டாம்: அது நிலையாக நின்றது, நரம்பைச் சுற்றும் பகுதி அதை வலம்வந்தது. சுழற்ற எதுவும் இல்லாததால் சில கிராம் எடையுள்ள இரையும் தொலைவுக்குப் போனது. ஸ்பின்னிங் ரீல் பிறந்தது. ஆல்னிக் நகரத்து ஹார்டி நிறுவனம் 1932-இல் வெளியிட்ட ஆல்டெக்ஸ் ரீலில், நரம்பைத் தானாக ஏந்திக்கொள்ளும் வளைகம்பி முழு வடிவம் பெற்றது.

அன்றைய பட்டு, லினன் நரம்புகளோடு இந்த ரீல் தன் முழுத்திறனைக் காட்ட முடியவில்லை. டூபான்ட் நிறுவனம் 1938-இல் நைலானை அறிவித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மெல்லிய நைலான் இழை பரவியதும் ஸ்பின்னிங் ரீலுக்கு ஏற்ற நரம்பு கிடைத்தது.

இந்த இடத்தில் இரண்டு வம்சங்களின் பாதைகளும் குறுக்கிடுகின்றன. ஸ்பின்னிங் ரீலை அமெரிக்கா முழுக்கக் கொண்டுசேர்த்த மிட்செல் ரீல்கள், பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில் உள்ள க்ளூஸ் என்ற கடிகாரத் தொழில் ஊரில் தயாரானவை. பெய்ட்காஸ்டிங் ரீலுக்குப் புத்துயிர் தந்ததும் ஒரு கடிகார நிறுவனம்தான். சுவீடனின் ஸ்வெங்ஸ்டாவில் 1921-இல் தொடங்கிய ஆபு, கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்துவந்தது. இரண்டாம் உலகப்போரில் மீட்டர் வியாபாரம் படுத்ததும் ரீலுக்குத் திரும்பியது. அங்கிருந்து 1950-களின் தொடக்கத்தில் வந்த அம்பாசடர் 5000 ரீலில், சுழலும் வேகம் கூடும்போது தானே அழுத்தும் மையவிலக்கு பிரேக் இருந்தது. கட்டைவிரலின் சுமையில் ஒரு பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் அமெரிக்காவின் நீர்நிலைகளும் மாறின. 1930-களிலிருந்து டென்னசி பள்ளத்தாக்கிலும் பிற தென்மாநிலங்களிலும் எழுந்த அணைகள் காடுகளை மூழ்கடித்தன. நீருக்கடியில் நின்ற மரங்கள் பெருவாய் பாஸுக்கு வீடாயின. அங்கே கவ்விய மீனைக் கிளையில் சுற்றிக்கொள்ளவிடாமல் உடனே வெளியே இழுக்க வேண்டும். அதற்குத் தடித்த நரம்பும் பலமுள்ள ரீலும் வேண்டும். காப்பீட்டு முகவர் ரே ஸ்காட் 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியும், மறு ஆண்டு அவர் தொடங்கிய பாஸ் அமைப்பும் இந்த மீன்பிடிப்பைத் தொழில்முறை விளையாட்டாக்கின. 1970-களில் கலிபோர்னியாவின் டீ தாமஸ், நீளமான கோலால் மிக அருகிலுள்ள புதருக்குள் இரையை ஓசையின்றி இறக்கும் ஃபிளிப்பிங் முறையைப் பரப்பினார். அதுவும் பெய்ட்காஸ்டிங் ரீலின் களம்தான். விளைவாக, ஒரு தலைமுறைக்கே பெய்ட்காஸ்டிங் தேர்ந்தவர்களுக்கு, ஸ்பின்னிங் புதியவர்களுக்கு என்ற எண்ணம் பதிந்துபோனது.

அந்த எண்ணத்தை மீன்களே உடைத்தன. நீர் தெளிந்த ஏரிகளில், நாள்தோறும் இரைகளைப் பார்த்துப் பழகிய பாஸ்கள் பெரிய இரைகளை ஒதுக்கத் தொடங்கின. ஜப்பானிலிருந்து டிராப்ஷாட் முறை வந்தது: எடை அடியில், மெல்லிய ரப்பர் புழு அதற்கு மேலே, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே துடிக்கும். கான்சாசிலிருந்து, தரையில் சிறு காளான்தலைத் தூண்டிலோடு நகரும் நெட் ரிக் பரவியது. இவை ஸ்பின்னிங் ரீலின் வேலைகள். மீனை நேரலையாகக் காட்டும் சோனார் கருவிகள் 2018-க்குப் பிறகு பரவியதும், போட்டிப் படகுகளில் ஸ்பின்னிங் கோல்களின் எண்ணிக்கை இன்னும் கூடியது.

இந்தப் பயணத்தை அறிந்தவருக்கு எந்த ரீல் என்ற கேள்வி எளிதாகிறது. முதலில் இரையின் எடையைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 7 கிராமுக்குக் கீழே என்றால் ஸ்பின்னிங். 10 கிராமைத் தாண்டினால் பெய்ட்காஸ்டிங் சொன்னபடி கேட்கும். இடைப்பட்ட எடைக்கு மீன் இருக்கும் இடமே பதில் சொல்லும். அடர்ந்த பாசிமேல் தவளை இரையை இழுக்க 50 முதல் 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு வேண்டும். அந்தப் பாரத்துக்குப் பெய்ட்காஸ்டிங்தான் சரி. அதன் ஸ்பூல் அச்சும் கைப்பிடி அச்சும் ஒரே திசையில் இருப்பதால் கையின் பலம் வளையாமல் நரம்புக்குப் போகிறது. ஸ்பின்னிங் ரீலிலோ சுழற்சி செங்கோணத்தில் திரும்பியாக வேண்டும். விடாமல் இழுக்க வேண்டிய கிராங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட் இரைகளுக்கும் இதே காரணம் பொருந்தும்.

6 முதல் 10 பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பு, திறந்த தெளிந்த நீர், எதிர்க்காற்று, படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில் நீர்மட்டத்தில் தத்தவிட வேண்டிய லேசான இரை: இவை ஸ்பின்னிங்கின் பக்கம். இன்னொன்றும் உண்டு. லேசான இரை மூழ்கும்போது நிலையான ஸ்பூல் நரம்பைத் தடையின்றி விட்டுக்கொடுக்கிறது. அதனால் இரை நம்மை நோக்கிச் சாயாமல் செங்குத்தாக இறங்குகிறது. பாஸ் பல நேரம் அந்த இறக்கத்தில்தான் கவ்வும். ஆனால் 15, 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பை ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால் அது வளையம் வளையமாகத் துள்ளிக் குழம்பும். கோலும் ரீலைப் பொறுத்தே மாறும். ஸ்பின்னிங் ரீல் கோலுக்குக் கீழே தொங்கும்; வளையமாக வரும் நரம்பை அடக்கக் கோலின் முதல் வளையம் பெரிதாக இருக்கும். பெய்ட்காஸ்டிங் ரீல் மேலே அமரும், வளையங்கள் சிறியவை.

ஒரே ஒரு கோலோடு தொடங்குகிறவருக்கு நான் ஸ்பின்னிங்கையே சொல்வேன்: ஆறரை முதல் ஏழு அடி, நடுத்தர பலம், மெல்லிய பின்னல் நரம்பு, நுனியில் ஃபுளோரோகார்பன் துண்டு. சிறுவயதினரும் முதல் நாளே எறியலாம். போட்டி வீரருக்கும் அது கடைசிவரை தேவைப்படும். பாசியும் மரமும் உள்ள நீர் அழைக்கும்போது பெய்ட்காஸ்டிங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டைவிரல் பழகப் பொறுமை வேண்டும். பழகிய பிறகு குறி வைத்த இடத்தில் இரை விழும்.

ஜப்பானியர்கள் இப்போது ஆழமற்ற, எடை குறைந்த ஸ்பூல்கள் செய்து, மிக லேசான இரைகளையும் பெய்ட்காஸ்டிங்கில் எறிகிறார்கள். கம்பளி ஆலை தீர்த்த கணக்கைக் கடிகார வம்சம் தன் வழியில் மறுபடி போட்டுப் பார்க்கிறது. இரண்டு ரீல்களில் ஒன்று மேல், ஒன்று கீழ் என்று பேசுவது இரண்டு தொழில்களின் அறிவையும் குறைத்து மதிப்பதாகும். ஒன்று பாரத்துக்கும் குறிக்கும் பிறந்தது, மற்றது லேசுக்குப் பிறந்தது. இரையையும், நீரையும், நரம்பையும் முதலில் முடிவு செய்யுங்கள். ரீலைக் கடைசியாக எடுங்கள்.