இசைத்தட்டு என்னும் சான்று

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை ஆராயும் முறைகளை மாணவர்களாகிய நீங்கள் வகுப்பிலே கற்றிருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டு நமக்கு விட்டுச் சென்ற மற்றொரு சான்றும் உண்டு. அது ஒலிப்பதிவு. அதனை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் விழிப்பாயிருக்க வேண்டும் என்பதை ஓர் இசைத்தட்டின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். 1969ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘லைவ்/டெட்’ என்னும் இரட்டை இசைத்தட்டே அது.

அதனை வழங்கியவர்கள் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் ராக் இசைக் குழுவினர். 1965இல் கலிபோர்னியாவில் தோன்றிய குழு அது. நம் சங்கீத வித்துவான்கள் மனோதர்மம் என்று கூறுவதை ஒத்த ஒன்றே இக்குழுவின் உயிர்நாடி. நம் கச்சேரியில் வித்துவான் முன் செல்லப் பக்கவாத்தியங்கள் தொடர்ந்து செல்லும். இவர்களோ அனைவரும் ஒரே வேளையில் கற்பனை செய்தனர். ஜெர்ரி கார்ஷியா கிதாரில் ஒரு சிறு சுரக்கோவையை எடுப்பார். பாஸ் கிதார் வாசித்த பில் லெஷ் அதற்கு மறுமொழி தருவார். அம்மறுமொழியே இசையை வேறொரு திசைக்குக் கொண்டு சென்றுவிடும். அடுத்த நாள் அதே வழியில் அவர்கள் செல்லமாட்டார்கள்.

இத்தகைய இசையைத் தட்டில் அடக்குவது எளிதன்று. பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிட இசையே அடங்கும். 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்த பின்னரே ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்தது. இவர்களுடைய ‘டார்க் ஸ்டார்’ என்னும் பாடல் 1968இல் சிறு தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிடத்திற்கும் குறைவாகவே ஒலித்தது. ‘லைவ்/டெட்’ தட்டிலோ அதே பாடல் முதற்பக்கம் முழுவதையும் நிரப்பி இருபத்து மூன்று நிமிடங்கள் நீள்கிறது.

இத்தட்டு பிறந்ததற்குக் கலை ஆர்வம் மட்டும் காரணமாகாது. இதற்கு முந்திய இசைத்தட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பல மாதங்கள் திருத்தித் திருத்திச் செய்ததால், இசைத்தட்டு நிறுவனமான வார்னர் பிரதர்ஸுக்கு இக்குழு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன்பட்டிருந்தது. கச்சேரியை அப்படியே பதிவு செய்தால் செலவு குறையும். ஆகவே 1969 ஜனவரி 26இல் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் மண்டபத்திலும், பிப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை நான்கு இரவுகள் அதே நகரின் ஃபில்மோர் வெஸ்ட் மண்டபத்திலும் பதிவுகள் நடைபெற்றன. அப்போது புதிதாக வந்திருந்த பதினாறு தட நாடாக் கருவி பயன்பட்டது. ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும் நாடாவில் தனித்தனித் தடத்தில் பதிவாகும்; பின்னர் அவற்றின் அளவைக் கூட்டிக் குறைத்து இணைத்துக் கொள்ளலாம்.

இனி, வரலாற்று மாணவர் உற்றுக் கேட்க வேண்டிய இடத்திற்கு வருவோம். தட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘செயின்ட் ஸ்டீபன்’ என்னும் பாடல், ‘தி லெவன்’ என்னும் பாடலுக்குள் தடையின்றிப் பாய்கிறது. இரண்டாவது பாடல் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று பதினொன்றாக எண்ணப்படும் தாளத்தில் அமைந்தது. கேட்பவர் ஒரே மேடையில் ஒரே மூச்சில் வாசித்ததாகவே கொள்வர். உண்மையில் முதற்பாடல் பிப்ரவரி 27இல் ஃபில்மோர் வெஸ்டில் வாசித்தது. அதனைத் தொடரும் பாடல் அதற்கு ஒரு மாதம் முன்னர் அவலானில் வாசித்தது! நான்காம் பக்கத்துப் பாடல்கள் மார்ச் 2க்கு உரியவை. மூன்று இரவுகளை ஒட்டி ஒரே கச்சேரியாகத் தொடுத்திருக்கிறார்கள்.

இது பொய்யா? அன்று என்பதே என் கருத்து. அப்பாடல்கள் மக்கள் முன்னிலையில் மெய்யாகவே வாசிக்கப்பட்டவை. ஆனால் அந்த வரிசையில் அமைந்த கச்சேரி எந்த இரவிலும் நடைபெறவில்லை. ஆகவே ஒரு சான்றை நோக்கி இரண்டு வினாக்களை நாம் எழுப்ப வேண்டும். இது நடந்ததா என்பது ஒன்று. இப்படியே நடந்ததா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ‘ஆம்’ என்று விடை கிடைத்தவுடன் இரண்டாவதையும் மறந்துவிடுவது பலருக்கு வழக்கம்.

இவ்விரண்டாம் வினாவுக்கு விடை காணும் வாய்ப்பு 2005இல் கிட்டியது. ஃபில்மோர் வெஸ்டின் நான்கு இரவுக் கச்சேரிகளும் அவ்வாண்டில் பத்துக் குறுந்தகடுகளாக வெளிவந்தன. நான்கு இரவுகளிலும் ‘டார்க் ஸ்டார்’ இடம்பெறுகிறது. அவற்றை அடுத்தடுத்துக் கேட்டபோது சுவடிப் பதிப்பாசிரியர்களின் பாடபேத ஆராய்ச்சியே என் நினைவுக்கு வந்தது. பல ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடுவது அவர்கள் பணி. இங்கே அப்படிப்பட்ட மூலபாடம் ஒன்று கிடையாது. நான்கும் வேறு வேறு. நான்கும் சரியான பாடங்களே.

‘லைவ்/டெட்’ ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தால், ஓர் இரவின் தற்செயலை அப்பாடலின் நிலைத்த வடிவம் என்றே பின்வந்தோர் எண்ணியிருப்பர். இளங்கலைஞர்கள் அதனைச் சுரம் பிசகாமல் மனனம் செய்து, கற்பனைக்கென்றே பிறந்த இசையிலிருந்து கற்பனையை நீக்கியிருப்பர். தேர்ந்தெடுத்த தட்டும் நமக்கு வேண்டும். அதனைச் சோதித்தறிய முழுப் பதிவும் வேண்டும். ஆகவே நீங்கள் எந்த ஒலிப்பதிவைக் கேட்டாலும், அது எந்த நாளில், எந்த இடத்தில், யாரால் பதிவு செய்யப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு எதனை விட்டுவிட்டார்கள் என்றும் கேளுங்கள்.