ஆல்பமே எதிரியான கதை

புகைப்படங்களைக் காப்பாற்றத்தான் ஆல்பம் வந்தது. ஆனால் குடும்பப் படங்கள் பலவற்றைக் கெடுத்ததும் அதே ஆல்பம்தான்!

1854-ல் பாரீஸில் டிஸ்டேரி என்பவர் விசிட்டிங் கார்டு அளவுப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்கள் எடுத்ததால் விலை குறைந்தது, நடுத்தரக் குடும்பங்களும் படம் சேர்க்கத் தொடங்கின. அவற்றை வைக்க 1860களில் ஆல்பங்கள் பெருகின. தடித்த அட்டையில் வெட்டிய சட்டத்துக்குள் படத்தைச் செருகினால் போதும், பசையே தேவையில்லை.

வினை வந்தது 1970களில் பரவிய "மேக்னடிக்" ஆல்பத்தால். பெயரில்தான் காந்தம். உள்ளே இருந்தது பசைக்கோடு போட்ட அட்டையும், மேலே மூட ஒரு பிளாஸ்டிக் தாளும். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வருடங்கள் போகப் போக அட்டையின் அமிலமும் பசையும் படத்தில் ஏறி மஞ்சள் கோடுகள் விழுந்தன. மேல் தாள் பிவிசி என்றால் அதன் அமில ஆவி வேறு. போதாததற்கு, அந்தக் காலத்துக் கலர்ப் படங்கள் இருட்டில் வைத்தாலே வெளுக்கக் கூடியவை.

படத்தோடு எதை வைக்கலாம் என்று அறிய இப்போது ஒரு சோதனை உண்டு (ஐ.எஸ்.ஓ. 18916). தாளையோ பசையையோ சோதனைப் படலத்தோடு சேர்த்து, 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 86 சதவீத ஈரப்பதத்தில் 15 நாட்கள் வைக்கிறார்கள். "அமிலமற்றது" என்று அச்சிட்ட தாள்கூட இதில் தோற்பதுண்டு. பிளாஸ்டிக் உறைகளில் பாலியெஸ்டரும் பாலிப்ரொப்பிலீனும் நம்பகமானவை.

பழைய ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கக் கூடாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலை அடியில் விட்டு மெல்ல அறுக்கலாம். அதற்கு முன் முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட வேண்டும். வர மறுக்கும் படத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.