போர்ச்சுகலின் தற்காலிக அரசுகள் (1974–1976)

போர்ச்சுகலில் 48 ஆண்டுச் சர்வாதிகாரம் வீழ்ந்த பின், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு 1976 ஜூலை 23 அன்று பதவியேற்கும்வரை நாட்டை அடுத்தடுத்து ஆண்ட ஆறு அரசுகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

1926 இராணுவப் புரட்சியில் தொடங்கிய ஆட்சியில் சலசார் 1932 முதல் 1968 வரை பிரதமராக இருந்தார். கயெட்டானோ அவருக்குப் பின் வந்தார். 1961 முதல் அங்கோலாவிலும், பின்னர் கினி-பிசாவு, மொசாம்பிக்கிலும் நீண்ட காலனிப் போர்களால் சலிப்புற்ற கேப்டன்கள் ‘ஆயுதப்படை இயக்கம்’ கண்டனர்.

1974 ஏப்ரல் 25 நள்ளிரவு கடந்து 20 நிமிடத்தில் ஜோசே அஃபோன்சோவின் ‘கிராந்தோலா’ பாடல் வானொலியில் ஒலித்தது. படைகள் புறப்பட அதுவே அடையாளம். சந்தரேமிலிருந்து லிஸ்பனுக்குக் கவச வண்டிகளை நடத்திச் சென்ற கேப்டன் சல்கெய்ரோ மாயாவுக்கு அப்போது வயது 29. கயெட்டானோ தஞ்சமடைந்திருந்த கார்மோ படைமுகாமை முற்றுகையிட்டுப் பணியவைத்தவர் அவரே. பின்னாளில் தேடி வந்த பதவிகளை மறுத்துப் படைப்பணியிலேயே இருந்துவிட்டார். துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் மலர் ஏறியதற்கு, உணவகப் பணிப்பெண் ஒருவர் சிப்பாய்க்குக் கொடுத்த பூவே தொடக்கம் என்பர். பூக்காரிகளைச் சொல்வோரும் உண்டு. அன்று இரகசியப் போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நால்வர் இறந்தனர்.

தற்காலிக அரசுகளின் அடிப்படைச் சிக்கல், அதிகாரம் எங்கிருக்கிறது என்பதுதான். முதல் பிரதமர் பால்மா கார்லோஸ் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. அடுத்த நான்கு அரசுகளுக்கும் இடதுசாரிச் சாய்வுள்ள வாஸ்கோ கோன்சல்வெஸ் தலைமை ஏற்றார். காலனிகளை விரைந்து விடுவிப்பதில் உடன்படாத குடியரசுத் தலைவர் ஸ்பினோலா செப்டம்பரில் விலகினார். அவர் ஆதரவாளர்களின் 1975 மார்ச் 11 கிளர்ச்சி தோற்ற மூன்றாம் நாளில் வங்கிகள் நாட்டுடைமையாயின. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பலர் வெறுங்கையோடு, திரும்பினர்.

இத்தனைக்கும் நடுவே, புரட்சியின் முதலாண்டு நிறைவு நாளில், அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் வாக்குறுதியளித்தபடியே நடந்தது. இக்காலத்தின் ஆகப் பெரிய சாதனை இதுவே எனலாம். முடிவெடுக்க இயலாதோர் வெற்று வாக்கு அளிக்கலாம் என்று இராணுவத்தினர் சிலர் பிரசாரம் செய்தும், பதிவுபெற்ற 62 லட்சம் பேரில் 57 லட்சம் பேர் வரிசையில் நின்று வாக்களித்தனர். வெற்று, செல்லாத வாக்குகள் ஏறக்குறைய 7 விழுக்காடே. மாரியோ சோரேஸின் சோஷலிஸ்டுகள் 38 விழுக்காடு பெற்றனர், கம்யூனிஸ்டுகளுக்கு 12.5 கிடைத்தது. புரட்சி தந்த உரிமை பெரிதா, வாக்குப்பெட்டி தந்த உரிமை பெரிதா என்ற வழக்கு அன்றுமுதல் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டின் ‘கொதிக்கும் கோடை’யில் வடக்கே கம்யூனிஸ்ட் அலுவலகங்கள் தாக்கப்பட்டன, தெற்கே பண்ணைகளைத் தொழிலாளர் கைப்பற்றினர். நவம்பரில் கட்டடத் தொழிலாளர்கள் சபையை முற்றுகையிட்டனர். ஆறாவது அரசு, படைகள் தனக்குக் கட்டுப்படும்வரை பணி செய்வதில்லை என்று வேலைநிறுத்தமே அறிவித்தது.

நவம்பர் 25 அன்று பாராசூட் படையினர் விமானத் தளங்களைக் கைப்பற்ற, ரமால்யோ எயானெஸ் நடத்திய படைகள் அவர்களை அடக்கின. இது இடதுசாரிகளின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியா, தூண்டிவிடப்பட்ட கலகமா, கம்யூனிஸ்ட் கட்சிக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமுகமாக இல்லை.

அரசியலமைப்பு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எயானெஸ் குடியரசுத் தலைவராகவும் சோரேஸ் பிரதமராகவும் ஆயினர். படையினரின் புரட்சிக் குழு 1982 வரை நீடித்தது. 1986இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. ஏப்ரல் 25 தேசிய விடுமுறை நாள். நவம்பர் 25-ஐயும் 2024இல் நாடாளுமன்றம் சிறப்பு அமர்வு கூட்டி நினைவுகூர்ந்தது.