தூக்குக்குண்டும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

விலை சரிந்தாலும், வானில் பறக்கும் விமானம் செங்குத்தாகக் கீழே பாய்ந்தாலும் ஆங்கில நாளேடுகள் 'பிளம்மெட்' என்னும் சொல்லைக் கையாளுகின்றன. திடீரென, விரைவாக விழுதல் என்பது இதன் பொருள். தக்காளி விலை நாளுக்கு ஒரு ரூபாயாக இறங்கினால் இச்சொல் பொருந்தாது. ஒரே நாளில் பாதியானால் பொருந்தும்.

ஆனால் இச்சொல் முதலில் விழுவதைக் குறிக்கவில்லை. இலத்தீன் மொழியில் ஈயத்திற்குப் 'பிளம்பம்' என்று பெயர். பழங்காலத்தில் ஈயக் குழாய்களைப் பொருத்தியவரே 'பிளம்பர்'. நூலில் கட்டித் தொங்கவிடும் ஈயக்குண்டு 'பிளம்மெட்' ஆயிற்று. மாலுமிகள் அதைக் கொண்டு கடலின் ஆழத்தை அளந்தனர். திடீரென விழுதல் என்னும் பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

கோரிப்பாளையத்தில் வீடு கட்டும் கொத்தனாரிடம் இக்கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் தூக்குக்குண்டு என்கிறோமே, அதுதான்! விழுவதன்று, அசையாமல் தொங்குவதே அதன் வேலை. எனினும் நூலை அறுத்தால் குண்டு எத்திசையில் விழுமோ, அத்திசையையே நூல் காட்டி நிற்கிறது.

அந்தத் திசை எப்போதும் சரியானதுதானா? இக்கேள்விக்கு நம் நாட்டிலும் ஒரு விடை கிடைத்தது.

1802-இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய நில அளவை, எவரெஸ்ட் காலத்தில் இமயமலை அடிவாரத்தை எட்டியது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இவற்றின் அட்சரேகை வேறுபாட்டை முக்கோண அளவையாலும் விண்மீன்களை நோக்கியும் கணக்கிட்டனர். இரு விடைகளும் 5.236 விகலை மாறுபட்டன. தரையில் இது சுமார் 160 மீட்டர்!

விண்மீன் அளவைக்குத் தூக்குநூலின் திசையே அடிப்படை. இமயமலை தன் ஈர்ப்பால் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கருதினார் கல்கத்தாவில் இருந்த பாதிரியார் பிராட். மலையின் நிறையைக் கொண்டு அவர் கணக்கிட்டபோது விலக்கம் 15.885 விகலை வந்தது. அதாவது, மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது!

1855-இல் ஏரி என்னும் அறிஞர் விளக்கம் தந்தார். நீரில் மிதக்கும் பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதுபோல, மலைகளுக்கும் அடர்த்தி குறைந்த ஆழமான வேர்கள் உண்டு. அவை கனமான பாறையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஈர்ப்பு குறைகிறது. புவியின் உட்புறத்தை அறிய இக்கருத்து பெரிதும் உதவிற்று.

அப்படியானால் கொத்தனார் கவலைப்பட வேண்டுமா? வேண்டாம். 10 மீட்டர் உயரச் சுவரில் 5 விகலைச் சாய்வு என்பது கால் மில்லிமீட்டரே. சுவருக்கு அது பிழையே அன்று. நாட்டை அளப்பவருக்கோ அதுவே புதிய அறிவின் வாயில்.