1950 ஆம் ஆண்டுப் பெட்டியும் ஒரு கற்றுக்குட்டியும்

"தொடாதேங்கோ மாமா!"

லண்டனில் வசிக்கும் என் தங்கையின் மகன் இப்படிக் கத்தியபோது என் கை அந்தப் பெட்டியின் உட்புறத்துக்கு ஓர் அங்குலத் தூரத்தில் இருந்தது. மின்செருகி சுவரிலிருந்து கழற்றப்பட்டுக் கிடந்ததை நான் கவனித்திருந்தேன். அதனால் துணிந்து விரலை நீட்டினேன். அந்தத் துணிவே இந்த வேலையில் ஆளைக் கொல்லும் என்று அவன் பிறகு விளக்கினான்.

கணினித் துறையில் பணிபுரியும் அவன் அதற்கு முன்னர் ஈயப்பற்று வைத்து அறியாதவன். பழம்பொருட் சந்தை ஒன்றில் வாங்கி வந்த புஷ் ரி.வி. 22 என்னும் தொலைக்காட்சிப் பெட்டியை உயிர்ப்பிக்க முயன்றுகொண்டிருந்தான். 1950 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த பெட்டி அது. கரும்பழுப்பு பேக்லைற் உடல், 9 அங்குலப் படக்குழாய், உள்ளே வரிசையாக வால்வுகள். இன்று அங்கு பழைய பெட்டிகளைச் சேகரிப்போர் பெரிதும் விரும்புவனவற்றுள் இதுவும் ஒன்று.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1979 இலேயே வந்தது. ரூபவாஹினி 1982 இல் தொடங்கியது. வால்வுத் தொலைக்காட்சியின் காலம் அதற்குள் முடிந்துவிட்டதால் நம்மவர் அறிந்தது வால்வு வானொலியைத்தான். ஆளியைப் போட்டபின் குழாய்கள் சூடேறும்வரை காத்திருந்து, குரல் மெல்ல மேலெழுவதைக் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனவே அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தபோது எனக்கு ஏதோ பழைய உறவினரைக் கண்டது போலிருந்தது.

அதன் கதை 1936 நவம்பர் 2 ஆம் திகதி, வட லண்டனில் உள்ள அலெக்சாண்ட்ரா மாளிகையில் பி.பி.சி. தன் முறையான தொலைக்காட்சிச் சேவையை ஆரம்பித்ததிலிருந்து தொடங்குகிறது. பெயர்டின் 240 கோட்டு முறையும் மார்க்கோனி - ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோட்டு முறையும் வாரம் மாறி வாரம் ஒளிபரப்பாகிப் போட்டியிட்டன. சில மாதங்களிலேயே, 1937 இன் தொடக்கத்தில், பெயர்டின் முறை கைவிடப்பட்டது. தொலைக்காட்சி என்றதும் பெயர்டின் பெயரையே பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த நமக்கு, வென்ற அணியின் ஐசாக் சோன்பேர்க்கையோ அலன் புளும்லினையோ தெரியாமற் போனது ஒரு விந்தைதான்.

1939 செப்டெம்பர் 1 ஆம் திகதி சேவை நிறுத்தப்பட்டது. ஒலிபரப்பு அலைகள் எதிரி விமானங்களுக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். அத்தோடு, இத்துறைப் பொறியியலாளர்கள் ராடார் வேலைக்குத் தேவைப்பட்டார்கள். தொலைக்காட்சிக்கென 'பை' நிறுவனம் செய்திருந்த 45 மெகாஹேர்ட்ஸ் வாங்கிச் சுற்றே இரவுப் போர் விமானங்களின் ராடாருக்குள் சென்றது. 45 மெகாஹேர்ட்ஸ் என்பது அலெக்சாண்ட்ரா மாளிகையின் பட அலைவரிசை. புளும்லின் 1942 யூன் 7 ஆம் திகதி, ராடார்ப் பரிசோதனைப் பறப்பொன்றில் விமானம் விழுந்து இறந்துபோனார். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1946 யூன் 7 ஆம் திகதி, தொலைக்காட்சி மீண்டும் ஆரம்பமாயிற்று.

ரி.வி. 22 பிறந்த வேளையில் லண்டனுக்கு வெளியே பேர்மிங்ஹாம் அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்ட் நிலையம் மட்டுமே இயங்கத் தொடங்கியிருந்தது. வரவிருந்த மற்றைய நிலையங்களையும் கருத்திற்கொண்டு, ஐந்து அலைவரிசைகளில் எதற்கும் இசைவாக்கக்கூடியதாக இதை அமைத்தார்கள். 1953 யூன் 2 ஆம் திகதி எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவைச் சுமார் 2 கோடி மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தனர். அயலவர்கள் ஒரே கூடத்தில் நெருக்கியடித்துக் குந்தியிருந்து பார்த்தது இத்தகைய சிறிய திரைகளைத்தான்.

இனி அந்த 'தொடாதேங்கோ'வுக்கு வருகிறேன். இந்தப் பெட்டியில் வீட்டு மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் நிலைமாற்றி கிடையாது. மின்கம்பிகளுள் ஒன்று நேரே உலோகச் சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. செருகி மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் சட்டம் முழுவதும் உயிர்க்கம்பி ஆகிவிடும். செருகியைக் கழற்றினாலும் நிம்மதியில்லை. ஆயிரக்கணக்கான வோல்ற்றில் இயங்கிய படக்குழாய் மின்னேற்றத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கக்கூடியது. குழாய் வெற்றிடமாதலால், தட்டுப்பட்டு உடைந்தால் உள்நோக்கி நொறுங்கிக் கண்ணாடியைச் சிதறடிக்கும்.

கற்றுக்குட்டிகள் செய்யும் முதற்பிழை, வாங்கி வந்த அன்றே 'வேலை செய்கிறதா, பார்ப்போம்' என்று ஆளியைப் போடுவது. இவனும் அதைச் செய்திருக்கிறான். ஒரு நிமிடம், பிறகு தார் எரிகிற மணம். நல்ல காலம், ஒரு தடையி மட்டுமே கருகியது. காரணம் அற்பமானது. அக்காலக் கொள்ளளவிகள் மெல்லிய உலோகத் தகட்டையும் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி மெழுகால் மூடியவை. எழுபது ஆண்டுகளில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. தடுத்து நிறுத்தவேண்டிய மின்னழுத்தத்தை அது கசியவிட, அடுத்த வால்வு அளவுக்கு மீறி மின்னை இழுத்துச் சூடாகி, கிடைத்தற்கரிய நிலைமாற்றிகளையும் எரித்துவிடுகிறது. சில சதம் பெறுமதியான காகிதச் சுருளால் எங்கும் வாங்கமுடியாத பாகம் அழிகிறது.

அதன் பின்னர் அவன் ஆறு மாதம் ஆளியைத் தொடவில்லை. சுற்றுப்படத்தை வைத்து ஒவ்வொரு பாகமாக அளந்தான். காகிதக் கொள்ளளவிகளை மாற்றினான். மின்பகுபொருள் கொள்ளளவிகளுக்கு அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக் கொடுத்து, உள்ளே தேய்ந்திருந்த ஒட்சைட்டுப் படலத்தை மீண்டும் வளரச் செய்தான். பிரிப்பு நிலைமாற்றி ஒன்றை வாங்கினான். முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது தொடரில் ஒரு மின்குமிழையும் இணைத்துக்கொண்டான். குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் பிரகாசமாக எரியும், பெட்டி தப்பிக்கொள்ளும். பழைய மெழுகுறைகளைக் குடைந்து புதிய பாகங்களை உள்ளே ஒளித்து வைப்போரும் உண்டு. அவன் அப்படிச் செய்யவில்லை. கழற்றியவற்றைத் துண்டுச் சீட்டுக் கட்டி ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருக்கிறான். எனக்கு அதுவே நேர்மையாகப்பட்டது. திருத்தம் செய்த பிரதியில் அடித்த சொல்லும் தெரியவேண்டும் என்பது என் தொழில் தந்த பழக்கம்.

சரி, பெட்டி உயிர்த்தால் எதைப் பார்ப்பது? 405 கோட்டு ஒளிபரப்பை 1985 ஜனவரி முதல் வாரத்தோடு பிரித்தானியா முற்றாக நிறுத்திவிட்டது. இன்றைய படத்தை அன்றைய கோடுகளாக மாற்றிக் கொடுக்கும் சிறு கருவியொன்றை ஆர்வலர்கள் பயன்படுத்துகிறார்கள். அன்றைய நிகழ்ச்சிகளையே காட்டலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பெரும்பாலானவை நேரடியாக நடிக்கப்பட்டுக் காற்றோடு போயின. திரையைப் படச்சுருளில் பிடிக்கும் முறை 1947 இலேயே பி.பி.சி.யிடம் வந்தது, அதையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தவில்லை. நாடே பேசிய 'குவாற்றர்மாஸ் பரிசோதனை' என்ற 1953 ஆம் ஆண்டுத் தொடரின் ஆறு பகுதிகளுள் முதல் இரண்டே எஞ்சியுள்ளன. முந்தாநாள் பத்திரிகை கடலை சுற்றப் போனாலும் சுவடிக்கூடத்தில் ஒரு பிரதி கிடக்கும். இந்தப் பெட்டி காட்டியவற்றுக்கோ, காட்டிய பெட்டியைத் தவிர வேறு சாட்சி அநேகமாக இல்லை.

நான் அங்கிருந்த ஒரு ஞாயிறு மாலை அவன் குவாற்றர்மாஸின் முதற் பகுதியை ஓடவிட்டான். முதலில் ஒலி வந்தது. பின்னர் நீலம் கலந்த வெண்ணிறத்தில் ஒளி விரிந்தது. முகங்கள் தெரிந்தன.

"அந்தக் கீச்சுச் சத்தம் கேக்குதோ மாமா?" என்றான். 405 கோடு, விநாடிக்கு 25 படம்; ஆக 10,125 தடவை அதிரும் ஒலி. உற்றுக் கேட்டேன். என் காதுக்கு எட்டவில்லை. கேட்கிறது என்று சொல்லிவைத்தேன்.

படத்தின் அடிப்பகுதி சற்று மடிந்திருந்தது. இன்னும் ஒரு கொள்ளளவி கசிகிறது, அடுத்த ஞாயிறு அதைப் பிடிக்கவேண்டும் என்று சொல்லியபடி ஆளியை அணைத்தான். படம் சுருங்கி, நடுவில் ஒரு வெண்புள்ளியாகிச் சிறிது நேரம் நின்றது.