குன்னூர் கடிக்கணக்கும் ஈருறுப்புப் பரவலும்

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே நிற்கும் பாஸ்டர் நிறுவனம் 1907 ஏப்ரல் 6 அன்று தொடங்கப்பட்டது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி அதற்குப் பயன்பட்டது. அதுவரை தெற்கே வெறிநாய்க்கடி பட்டவர்கள் சிகிச்சைக்கு, 1900இல் தொடங்கிய இமயமலைக் கசௌலி நிறுவனம்வரை போக வேண்டியிருந்தது. இத்தகைய நிறுவனங்களின் பதிவேடுகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊசி போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? அந்த எண்ணிக்கை ஒரு சமவாய்ப்பு மாறி, அதாவது தற்செயலைப் பொறுத்து மாறும் எண். ஆளுக்கு இரண்டே முடிவு, பிழைப்பு அல்லது சாவு; வந்தவர் தொகையும் தெரியும். ஆகவே இத்தனை பேரில் இத்தனை சாவு என்பதன் வாய்ப்பைத் தரும் ஈருறுப்புப் பரவல் பொருந்தும் என்று உடனே தோன்றும். ஆனால் இவை பாதி நிபந்தனைகளே. நிகழ்தகவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேரப்போவதைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது; இதுவே சார்பின்மை. கடிக்கணக்கு இடறுவது இந்த இரண்டில்தான்.

முதலில் நிகழ்தகவு: முகத்தில் பட்ட கடி, துணிக்கு மேல் காலில் பட்ட கடியைவிடப் பல மடங்கு ஆபத்தானது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் இதை அறிந்தே தலை, கை, மற்ற உறுப்புகள் என்று கடிகளைப் பிரித்து எழுதியது. விலங்கின் வெறி சோதனையில் உறுதியானதா, கால்நடை மருத்துவர் சான்று தந்ததா, வெறும் சந்தேகமா என்று மூன்று அட்டவணைகளும் வைத்தது. சார்பின்மை இன்னும் நுட்பமானது. ஒரே நாய் பத்துப் பேரைக் கடித்தது என்று கொள்வோம். அதற்கு வெறி இருக்கும் வாய்ப்பு பாதி. இருந்தால் ஒவ்வொருவருக்கும் சாவின் வாய்ப்பு 20%. ஆக, ஆளுக்கு 10%. ஈருறுப்புப் பரவலின்படி ஒருவரும் சாகாதிருக்கும் வாய்ப்பு சுமார் 35%. சரியான கணக்கில் அது சுமார் 55%. நாய்க்கு வெறி இல்லையென்றால் பத்துப் பேரும் சேர்ந்தே தப்பிவிடுகிறார்கள். ஏற்ற இறக்கத்தை அளக்கும் பரவற்படியும் 0.9 அல்ல, 1.8.

சராசரி இரண்டிலும் ஒரு சாவுதானே, இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். தடுப்பூசியை எடைபோடச் சராசரி மட்டும் போதாது. எவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு என்பதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், வெறியில்லாத நாய் தந்த உயிர்களை மருந்தின் வெற்றியாக எழுதிவிடுவோம். இவ்வளவு கறாராகப் பார்த்தால் பரவல் எதற்குமே உதவாது என்ற மறுப்பும் வரும். உதவும். வெறி உறுதியான வெவ்வேறு விலங்குகள் ஏறத்தாழ ஒரே விதமாகக் கடித்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், நான்கு நிபந்தனைகளும் பெருமளவு நிறைவேறும். எண்ணிக்கை கிடைத்ததும் சூத்திரத்தைத் தேடாமல், அந்த எண்ணிக்கை எப்படி உண்டானது என்று முதலில் விசாரிப்பதே புள்ளியியலின் நேர்மை. உயிர்களை எண்ணும் இடத்தில் அது கட்டாயக் கடமையும்கூட.