பீட்டில்ஸ் அதிகாரப்பூர்வ ரசிகர் மன்றம்: நம்பகத்தன்மையும் எழுத்தர் உழைப்பும்

முன்னுரை

பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றிய வரலாற்று நூல்கள் பாடல்களையும் ஒலிப்பதிவுக் கூடத்தையும் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனின் வணிகத் திறனையும் விரிவாகப் பேசுகின்றன. 1960களின் தொடக்கத்தில் லிவர்பூலில் தோன்றி 1972இல் மூடப்பட்ட அதிகாரப்பூர்வ ரசிகர் மன்றமோ பெரும்பாலும் துணைச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. மன்றம் உறுப்பினர்க்கு அளித்த முதன்மையான பொருள் இசையன்று. தம் கைக்கு வந்தது மெய்யாகவே அந்நால்வரிடமிருந்து வந்தது என்னும் உறுதியே ஆகும். அவ்வுறுதி எழுத்தர் உழைப்பால் உருவானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழ்ச் சூழலில் ரசிகர் மன்றம் என்றதும் கிளைகளும் கொடியும் தேர்தல் பணியும் நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது அத்தகைய அமைப்பன்று. சந்தா பெற்று அஞ்சல்வழி உறவைப் பேணிய ஓர் அலுவலகம்.

லிவர்பூல்: முடியும் தலையணை உறையும்

கேவர்ன் அரங்கின் நண்பகல் நிகழ்ச்சிகளுக்குத் தவறாது சென்றுவந்த தட்டச்சர் ஃபிரெடா கெல்லி. 1962இல், தம் பதினேழாம் வயதில், அவர் எப்ஸ்டீனின் அலுவலகத்தில் பணியமர்ந்தார். மன்றப் பொறுப்பும் அவரிடம் வந்தது. தொடக்கத்தில் தம் வீட்டு முகவரியையே மன்ற முகவரியாக அவர் கொடுத்திருந்தார். குழுவின் புகழ் பெருகியபோது கடிதக் கட்டுகள் வீட்டை நிறைக்க, தந்தையின் கடிந்துரைக்கு ஆளானார்.

ரசிகைகள் கேட்டவை எளியனவல்ல. நால்வருள் ஒருவரின் தலைமுடி வேண்டும் என்பர். சட்டைத் துண்டு வேண்டும் என்பர். ஒருவர் தலையணை உறையை அனுப்பி, ரிங்கோ ஸ்டார் அதில் தலைவைத்து உறங்கிய பின் திருப்பியனுப்புமாறு கேட்டார். கெல்லி அதனை ரிங்கோவின் தாயாரிடம் கொண்டு சேர்த்து, கேட்டவாறே செய்வித்து அனுப்பினார். வேறு எவருடைய முடியையோ இசைக்குழுவினருடையது எனப் பொய்யாக அனுப்பும் முயற்சி தெரியவந்தபோது, அதற்குக் காரணமானோரைப் பணியிலிருந்து நீக்கினார். ‘அதிகாரப்பூர்வ’ என்னும் அடைமொழிக்கு நடைமுறைப் பொருள் இதுவே.

இச்செய்திகள் ‘குட் ஓல் ஃபிரெடா’ (2013) ஆவணப்படத்தில் கெல்லி கூறியவற்றால் அறியப்படுவன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் சொல்லப்பட்ட நினைவுகள் என்னும் எச்சரிக்கையுடனேயே அவற்றைக் கையாள வேண்டும். எனினும் தம் புகழை விரித்துரைக்க அவர் காட்டும் தயக்கம் அவற்றின் மீதான நம்பிக்கையைக் கூட்டுகிறது.

லண்டன்: இல்லாத செயலாளர்

1963இல் லண்டன் அலுவலகம் வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கிருந்து வெளிச்சென்ற மன்ற மடல்களில் தேசியச் செயலாளராக ஆன் காலிங்ஹாம் என்னும் பெயர் காணப்பட்டது. அப்பெயரில் எவரும் இல்லை. செய்தித் தொடர்பாளர் டோனி பேரோ படைத்த கற்பனைப் பெயர் அது. பணியாளர் பலரின் உழைப்பு அவ்வொரு பெயரின்கீழ் வெளிச்சென்றது. லிவர்பூலில் ஒருவர் முடியின் உண்மைக்காகப் போராட, லண்டனில் செயலாளரே புனைவாக இருந்தார். இம்முரணை வெறும் ஏமாற்று எனக் கொள்வது பொருந்தாது. வந்து குவிந்த கடிதங்களுக்கு ஒருவரே விடையிறுத்தல் இயலாது. ஆனால் ஒருவர் விடையிறுக்கிறார் என்ற எண்ணம் உறுப்பினர்க்குத் தேவைப்பட்டது.

நேரடிச் சந்திப்பின் எல்லையும் அவ்வாண்டிலேயே புலப்பட்டது. 1963 டிசம்பர் 14 அன்று விம்பிள்டன் அரங்கில் நடந்த தென்பகுதி மன்றக் கூட்டத்தில் நால்வரும் வரிசையில் வந்த ஏறத்தாழ 3,000 பேருடன் கைகுலுக்கினர். பின்னர் இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பின்னிருந்து பாடினர்.

நெகிழ்தட்டுகள்

விடையின்றித் தேங்கிய கடிதங்களால் மன்றத்தின் பெயர் கெடுவதை உணர்ந்த பேரோ, உறுப்பினர்க்கு மட்டும் கிறிஸ்துமஸ் வாழ்த்து இசைத்தட்டு ஒன்றை இலவசமாக அனுப்பலாம் என்றார். செலவைக் குறைக்க மெல்லிய நெகிழ்தட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 முதல் 1969 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு தட்டுகள் வெளிவந்தன. தனித்தனி விடைமடலின் இடத்தைக் குரல் கைக்கொண்டது எனலாம். முதல் தட்டிலேயே பால் மெக்கார்ட்னி, மேடையை நோக்கி ஜெல்லி பேபி மிட்டாய் வீசுவதை நிறுத்துமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். மன்றத்தின் நடைமுறைத் தேவை வாழ்த்துக்குள் நுழைந்துவிட்டது.

தொடக்கத் தட்டுகளுக்கு உரை எழுதியவர் பேரோ. 1964ஆம் ஆண்டுத் தட்டில் நால்வரும் அவ்வுரையைத் தட்டுத்தடுமாறி வாசித்து, அது தம் எழுத்தன்று என்பதைக் கேலியாக உணர்த்திவிடுகின்றனர். எழுதித்தந்ததை மீறிய அச்சிரிப்பே கேட்போர்க்கு மெய்யெனப்பட்டிருக்க வேண்டும். 1968, 1969ஆம் ஆண்டுகளில் நால்வரும் தனித்தனியே பதிவு செய்த பகுதிகளை வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் ஒட்டித் தொகுத்தார். குழுவின் பிளவு உலகறியுமுன்னே அத்தட்டுகளின் ஒட்டுகளில் பதிந்துவிட்டது.

மூடல்

1970 டிசம்பரில் ஏழு தட்டுகளும் ஒரே நீள்தட்டாக உறுப்பினர்க்கு அனுப்பப்பட்டன. அம்மாத இறுதியில் மெக்கார்ட்னி கூட்டாண்மையைக் கலைக்க வழக்குத் தொடுத்தார். குழு இல்லாதபோதும் கடிதங்கள் நிற்கவில்லை. தலைமை அலுவலகம் 1964இல் லண்டனுக்குப் பெயர்ந்தபோது தந்தையின் பொருட்டு லிவர்பூலிலேயே தங்கிவிட்ட கெல்லி, இறுதிவரை அங்கிருந்தே பணியாற்றினார். 1972 மார்ச் 31 அன்று மன்றம் மூடப்பட்டது. தம்மிடம் எஞ்சியிருந்த நினைவுப் பொருள்களில் பெரும்பகுதியை அவர் ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டு, சில பெட்டிகளை மட்டும் பரணில் வைத்துக்கொண்டார். உறுப்பினர்க்கு விலையின்றி வழங்கப்பட்ட ஏழு தட்டுகளும் 2017 டிசம்பரில் வண்ண வினைல் தொகுப்பாக விற்பனைக்கு வந்தன.